பொரித்தலும் சுடுதலும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்களின் உணவிற் பொரியலுக்குத் தனியிடம் உண்டு. வாவியிற் பிடிபட்ட இறாலும் மீனும், எழுவான்கரைத் தென்னந்தோப்பின் எண்ணெயும், படுவான்கரை வயலின் அரிசிமாவும் ஒன்றுசேரும் இடம் அடுப்பின்மீது ஏற்றிய தாச்சியே. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முறுக்கும் பணியாரமும் அதிலேதான் வேகின்றன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு துறக்கும் வேளைக்கு வேண்டிய சமோசா அதிலேதான் பொன்னிறமடைகின்றது. மாலைத் தேநீருக்குக் கடலை வடையும், விருந்தினர் வந்தால் மீன் கட்லெட்டும், காய்ச்சல் தணிந்தவர் வாய்க்கசப்புத் தீரக் கேட்கும் மோர்மிளகாயும் அங்கேயே பொரிகின்றன.

இத்தாச்சிக்கு இக்காலத்தில் இரண்டு போட்டிகள் தோன்றியுள்ளன. ஒன்று, எண்ணெயை நிரப்பி மின்சாரத்தாற் சூடாக்கும் டீப் பிரையர். மற்றொன்று, எண்ணெய் ஏறக்குறைய இல்லாமலே பொரித்துத் தருவதாகச் சொல்லப்படும் எயார் பிரையர். பெற்றோருக்கு நீரிழிவென்றும் இரத்தக்கொழுப்பென்றும் கேள்வியுற்ற பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இப்பொறியை வாங்கி அனுப்புவதும் உண்டு. சில வீடுகளில் அது நாள்தோறும் இயங்குகின்றது. வேறு சில வீடுகளில், உழுந்து வடை மாவை அதனுள் இட்டு ஏமாந்த பின்னர், வந்த பெட்டிக்குள்ளேயே திரும்பிச் சென்றுவிடுகின்றது. பொறியிற் குற்றமில்லை, அதற்கு இட்ட பெயரே இல்லத்தரசியை மயக்கிவிட்டது. அது பொரிக்கும் பொறியன்று, சுடும் பொறி. இவ்வொன்றை விளங்கிக்கொண்டால், எதை வாங்குவது, எதில் எதைச் சமைப்பது என்னும் கேள்விகளுக்கு விடை எளிதாகும்.

தமிழில் இதற்கு வேண்டிய சொற்கள் முன்பே உள்ளன. பொருள் முழுவதும் எண்ணெயில் அமிழ்ந்து வேகுமாயின் அது பொரித்தல். சிறிதளவு எண்ணெயிலோ எண்ணெயில்லாமலோ கிளறிச் சூடேற்றுவது வறுத்தல். தணலிலோ வெப்பக் காற்றிலோ வேகவைப்பது சுடுதல். மெல்லிய சூட்டில் ஈரத்தை மட்டும் போக்குவது வாட்டுதல். பேச்சு வழக்கில் வடை சுட்டதாகவும் பணியாரம் சுட்டதாகவும் சொல்வதுண்டெனினும், செயல்முறையில் இந்நான்கும் வெவ்வேறானவை. ஒவ்வொன்றும் உணவின் ஈரத்தை ஒவ்வொரு வகையாகக் கையாள்கின்றது.

முதலில் எண்ணெயினுள் நிகழ்வதை நோக்குவோம். பொரிப்பதற்கேற்ற எண்ணெயின் வெப்பநிலை பெரும்பாலும் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை. நீரோ 100 பாகையிற் கொதித்து ஆவியாகும். ஆதலின் இறால் ஒன்றைச் சூடான எண்ணெயில் இட்டவுடன் அதன் மேற்புறத்து ஈரம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறுகின்றது. தாச்சியில் எழும் குமிழிகள் எண்ணெய் கொதிப்பதனால் எழுபவையல்ல; உணவிலுள்ள நீர் ஆவியாகிப் பிரிவதனால் எழுபவை. மேற்புறம் உலர்ந்து மொறுமொறுப்பான தோலாகின்றது. உள்ளே ஈரம் உள்ள வரையில் நடுப்பகுதியின் சூடு 100 பாகையை அதிகம் கடப்பதில்லை. வெளியே முறுகலும் உள்ளே மென்மையும் ஒருங்கே வாய்ப்பது இதனாலேயே. குமிழி அடங்கினால், ஈரம் பெரும்பாலும் நீங்கிவிட்டதென்று கொள்ளலாம். அதன்மேல் விட்டுவைத்தால் உணவு கருகத் தொடங்கும்.

உணவுக்குள் எண்ணெய் எப்பொழுது புகுகின்றது என்பதும் அறியத்தக்கது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உட்செல்வது கடினம். உணவை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போது உள்ளிருந்த ஆவி குளிர்ந்து சுருங்குகின்றது. அவ்வெற்றிடம் மேற்புறத்தில் ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. பொரித்தவற்றில் ஏறும் எண்ணெயிற் பெரும்பகுதி இவ்வாறு ஏறுவதே. ஆகவே வடையை எடுத்த கணமே கண்ணகப்பையிற் குலுக்கி வடியவிட்டு, பின்னர் கம்பித் தட்டின்மேற் பரப்பி வைத்தல் வேண்டும். சூட்டோடு ஒரு பாத்திரத்திற் குவித்து மூடிவைத்தால் எண்ணெயும் ஏறும், முறுகலும் போகும். எண்ணெய் போதிய சூடடையுமுன் இடுவதும், ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சி இட்டு எண்ணெயின் சூட்டைத் தணிப்பதும் இதே குறையை விளைக்கும். வெப்பமானி இல்லாத அடுக்களையில் ஒரு துளி மாவே போதிய அளவுகோல். இட்ட துளி சற்று அமிழ்ந்து உடனே குமிழியுடன் மேலெழுந்தால் எண்ணெய் பக்குவமாயிற்று. அடியிலேயே தங்கினாற் சூடு போதாது. இட்டவுடன் கருகினாற் சூடு மிகுதி.

இனி எயார் பிரையரின் வரலாற்றையும் அது இயங்கும் முறையையும் காண்போம். வெப்பக் காற்றை விசிறியினாற் சுழற்றி உணவைச் சூடாக்கும் எண்ணம் புதியதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மக்சன் என்பவர், விமானத்திற் செல்வோருக்கு உறைந்த உணவைச் சூடாக்கிக் கொடுப்பதற்காக விசிறி பொருத்திய சிறிய அடுப்பொன்றை உருவாக்கினார். பின்னர் ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த பிரெட் வான் டெர் வெய் என்பவர், உருளைக்கிழங்கைக் குறைந்த எண்ணெயில் முறுகச் செய்யும் வழியை ஆராய்ந்து, இன்றைய பொறியின் அமைப்பைக் கண்டார். பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு பேர்லின் நகரக் கண்காட்சியில் அதனை எயார் பிரையர் என்னும் பெயரால் அறிமுகஞ் செய்தது. மேலே மின்வெப்பச் சுருள், அதன் மேல் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளைகளுள்ள கூடை: இவையே அதன் உறுப்புகள். பேக்கரியிற் பாணும் பணிசும் வேகும் போறணையைச் சிறிதாக்கி, காற்றை வேகமாக்கினால் எயார் பிரையர் ஆகிவிடும்.

எண்ணெயும் காற்றும் ஒரே சூட்டில் இருப்பினும் அவை வெப்பத்தைக் கொடுக்கும் திறன் ஒன்றன்று. 180 பாகைச் சூடுள்ள போறணைக்குள் ஓரிரு கணம் கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூடுள்ள எண்ணெயில் விரல்நுனி பட்டாலே கொப்புளிக்கும். காற்று வெப்பத்தை மெதுவாகவே கொடுக்கின்றது. விசிறி அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றதேயன்றி முற்றாக நீக்குவதில்லை. ஆகையால் எண்ணெயிற் சில நிமிடங்களில் வேகும் மீன்துண்டு, இப்பொறியிற் பன்னிரண்டு முதற் பதினைந்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். மேலும், காற்றினால் ஓடும் மாவை நொடியில் இறுகச் செய்ய இயலாது. உழுந்து வடை மா எண்ணெயில் விழுந்த கணமே தோல் கட்டி, உள்ளே எழும் ஆவியினால் உப்பி மிருதுவாகின்றது. கூடையில் இட்டாலோ துளை வழியே வழியும். தாளின்மேல் வைத்தால் தட்டையான கெட்டி அடையாகும்.

இதிலிருந்து ஒரு பகுப்பு தானே பிறக்கின்றது. ஓடும் மாவினாலும் மாத்தோய்த்தும் ஆக்கப்படும் பலகாரங்கள் தாச்சிக்கே உரியன. உழுந்து வடை, பயற்றம் பணியாரம், வாழைக்காய் பஜ்ஜி முதலியன இவ்வினம். முறுக்கும் சீப்புப் பணியாரமும் கெட்டி மாவினால் ஆனவையாயினும், அவற்றின் நொறுங்கும் தன்மைக்கு எண்ணெய் ஊடுருவியே ஆகவேண்டும். இவற்றைக் காற்றிற் சுட்டு அதே சுவையை எதிர்பார்ப்பது வீண். ஆனால் இவை நாள்தோறும் உண்பவையுமல்ல. நாளுங் கிழமையும் பார்த்துச் செய்பவை. அந்நாளில் நல்ல எண்ணெயில் நன்றாகப் பொரித்து, அளவோடு உண்பதே தகும்.

நாள்தோறும் சோற்றுடன் உண்ணும் பொரியல்களின் நிலை வேறு. உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மீன்துண்டு, இறால், கோழி இறைச்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு மேற்புறம் உலர்ந்து சிவத்தலே தேவை. இதனைச் சூடான காற்று நன்றாகவே செய்யும். தேக்கரண்டி எண்ணெயைச் சரக்குத்தூளோடு சேர்த்துப் பிரட்டினாற் போதும். அது தூள் கருகாமற் காத்து நிறத்தையுங் கொடுக்கும். இறாலுக்கு ஏழெட்டு நிமிடத்திற்கு மேல் வேண்டாம். அதன் சதை ஈரம் மிகுந்ததாகையால் மிஞ்சி வெந்தால் நாராகிவிடும்.

கத்தரிக்காய் இவ்வகையில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. பொரித்த கத்தரிக்காயைத் தேங்காய்ப்பாலில் இட்டுச் சமைக்கும் பாற்கறி இப்பகுதி வீடுகளில் விரும்பப்படுவது. கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்தது; பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேற் பாலின் கொழுப்பும் சேருகின்றது. துண்டுகளிற் சிறிது எண்ணெய் தடவி இப்பொறியிற் சுட்டெடுத்துப் பாலில் இட்டால், கறியின் சுவையிற் பெரும் வேற்றுமை தோன்றாது. எண்ணெயோ பெரிதும் குறையும். வாவிக்கரையில் மீனைத் தணலிற் சுட்டு உண்ணும் பழக்கம் பழையது. எயார் பிரையர் அப்பழக்கத்தின் வழிவந்த உறவினன் என்று கொண்டால், அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது தெளிவாகும்.

உடல்நலத்தைப் பற்றிய கேள்வியே பெரும்பாலோரை இப்பொறியை நாடச் செய்கின்றது. இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டுக்கு இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணமாகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் ஒருவர், அதிற் பத்திலொரு பங்குக்கு மேல் நிறைகொழுப்பிலிருந்து பெறலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவ்வளவு ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெய் அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது; சொதியிலும் கறியிலும் சேரும் தேங்காய்ப்பால் இக்கணக்கிற்கு வெளியே நிற்கின்றது. ஆகவே நாளாந்தப் பொரியலைச் சுட்டலாக மாற்றுவதனால் உண்மையான நன்மை உண்டு.

எனினும் இப்பொறி மருந்தன்று. அதிற் சமைத்தது என்பதற்காக உருளைக்கிழங்கின் மாப்பொருள் குறைவதில்லை. கருவாட்டின் உப்பும் குறைவதில்லை. கடையில் வாங்கும் உறைந்த கட்லெட்டும் ரோல்ஸும் முன்னரே எண்ணெயிற் பொரிக்கப்பட்டவையாயின், அக்கொழுப்பு அவற்றினுள்ளேயே இருக்கும். 2002ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், மாப்பொருள் மிகுந்த உணவு 120 பாகைக்கு மேற் சூடாகிச் சிவக்கும்போது அக்ரிலமைட்டு என்னும் பொருள் தோன்றுவதை வெளிப்படுத்தினர். மனிதருக்குப் புற்றுநோயை விளைக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. எண்ணெயிற் பொரித்தாலும் காற்றிற் சுட்டாலும் கருஞ்சிவப்பாகும்வரை விட்டால் அது தோன்றவே செய்யும். வெட்டிய கிழங்கை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து, இளம் பொன்னிறத்தில் எடுப்பதே இதற்குத் தற்காப்பு.

பொரித்தலிற் பெரிதும் அஞ்சத்தக்கது ஒருமுறை பயன்படும் புதிய எண்ணெயன்று. பலமுறை சூடேறிய பழைய எண்ணெயே. சூடு, காற்று, உணவின் ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. நிறம் கறுத்தல், குழம்புபோற் தடித்தல், அடங்காத நுரை, கசந்த நெடி, முன்னிலும் விரைவிற் புகைதல் ஆகியன அதன் அடையாளங்கள். இந்தியாவில் 2018ஆம் ஆண்டு யூலை மாதம் முதல், சிதைவினால் உண்டாகும் சேர்வைகள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாதென்று விதி செய்யப்பட்டது. வீட்டில் இதனை அளந்தறியும் கருவி இல்லை. கண்ணும் மூக்குமே கருவிகள். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். புகை கண்டவுடன் அடுப்பைத் தணிப்பது நன்று. ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி மூடிவைத்து, ஓரிரு நாளிற் தாளிதத்துக்கோ கறிக்கோ செலவிட்டு முடிப்பது, அதையே மீண்டும் மீண்டும் தாச்சியில் ஊற்றுவதிலும் மேலானது.

ஆயினும் பழைய எண்ணெயை எறிய மனம் இடந்தராமை இயல்பே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளியில் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளிற் பெரும்பகுதி சாய்ந்தது. புதிய நாற்று நட்டுக் காய்காண ஆண்டுகள் பல செல்லும். எண்ணெயின் அருமை அம்மக்களுக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆதலின் ‘எறிந்துவிடுக’ என்று அறிவுரை கூறுவதைவிட, எறிய வேண்டிய எண்ணெயே மிஞ்சாதவாறு குறைவாக ஊற்றுவதுதான் விவேகம். இங்கேதான் தாச்சியின் சிறப்பு வெளிப்படுகின்றது. அதன் அடி குழிவானது. அரைப் போத்தல் எண்ணெயிலேயே நான்கைந்து வடை மிதந்து வேகும்.

டீப் பிரையரின் நிலை இதற்கு மாறானது. அதன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் அமைப்பு உண்மையிற் பயனுள்ளது. எண்ணெய் புகையும் நிலைக்குச் செல்லாமற் காக்கின்றது. ஆனால் வீட்டுக்கென விற்கப்படும் அளவிலும் இரண்டு மூன்று லீற்றர் எண்ணெயை அது வேண்டி நிற்கும். அவ்வளவையும் ஒருநாட் பொரியலுக்காக ஊற்றிய இல்லத்தரசி, அதை மறுநாளும் மறுவாரமும் பயன்படுத்தவே முனைவார். ஆகவே ஐந்தாறு பேருள்ள குடும்பத்திற்கு அது பொருந்துவதில்லை. நாள்தோறும் சிற்றுண்டி செய்து விற்கும் பெண்களுக்கோ அது ஏற்றது. அவர்களின் வியாபாரத்தில் ரோல்ஸும் பற்றிஸும் ஒரே நிறத்தில் வேகவேண்டும். எண்ணெயும் அன்றன்று ஓடித் தீரும். அவர்கள் எண்ணெயை மாற்றும் நாளைக் குறித்துவைத்து நடப்பார்களாயின், வாங்கி உண்ணும் பிள்ளைகளின் நலமும் தங்கள் பெயரும் ஒருங்கே காக்கப்படும்.

செலவையும் மின்னிணைப்பையும் எண்ணாமல் எந்தப் பொறியையும் வாங்கலாகாது. 1500 வாற்று எயார் பிரையர் ஒன்று இருபது நிமிடம் இடைவிடாது இயங்கினால் அரை அலகு மின்சாரம் செலவாகும். கூடையில் ஓரடுக்காகவே பரப்பவேண்டுமாகையால், பெரிய குடும்பத்திற்கு இரண்டு மூன்று முறை இயக்க நேரும். செலவும் அதற்கேற்ப உயரும். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திரார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது; எரிவாயுவும் கிடைக்கவில்லை. அந்நாட்களிற் குடும்பங்களைக் காத்தது விறகடுப்பும் தாச்சியுமே. புதிய பொறி வந்ததென்று பழையவற்றை அடுக்களையிலிருந்து அகற்றிவிடுதல் கூடாது.

1500 வாற்றுப் பொறி 230 வோல்ற்று மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறரை அம்பியரை இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் வட்டமுளைச் செருகுவாய்க்கு அது தாங்கொணாச் சுமை. மாற்றுச் செருகி ஒன்றைப் பொருத்தி இயக்கினால், சுவரினுள் கம்பி சூடேறி உருகக்கூடும். 13 அம்பியர் சதுரமுளைச் செருகுவாயோ 15 அம்பியர்ச் செருகுவாயோ இருத்தல் இன்றியமையாதது. பொறியின் பின்புறத்திலிருந்து சூடான காற்று வெளியேறுவதால் சுவருக்கும் அதற்குமிடையே ஒரு சாண் இடைவெளியும் வேண்டும். ஒட்டாப் பூச்சுள்ள கூடையைத் தும்பினாலும் கம்பிச் சுருளினாலும் தேய்க்காமல், மெல்லிய துணியினாற் கழுவுதல் நன்று.

தாச்சியிலோ தீயபாயம் உண்டு. எண்ணெய் தீப்பற்றினால் அதில் நீரை ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். நீர் அடியிற் சென்று ஒரே கணத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். கிடுகுக் கூரையுள்ள அடுக்களையில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. அடுப்பை நிறுத்தி, பொருத்தமான மூடியினால் தாச்சியை மூடி, ஆறும்வரை திறவாதிருப்பதே வழி. பொரிக்கும் நேரத்தில் அடுப்பருகே ஒரு மூடி தயாராயிருத்தல் ஒவ்வொரு வீட்டிலும் பழக்கமாக வேண்டும்.

இறுதியாக, கழிவெண்ணெயை வடிகானில் ஊற்றுவோர் வாவியையும் நினைத்தல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கின்றது. அம்முகத்துவாரங்கள் மழைக்காலத்தில் திறந்தும் வறட்சியில் மணலால் மூடியும் கிடக்கும். மூடிய காலத்தில் வாவியிற் சேர்வது வாவியிலேயே தங்கும். நீரின்மேற் பரவும் எண்ணெய்ப் படலம் காற்றிலுள்ள பிராணவாயு நீரிற் கலப்பதைத் தடுக்கின்றது. தாச்சிக்கு இறாலைத் தருகின்ற நீருக்கே தாச்சியின் கழிவைத் திருப்பிக் கொடுப்பது முறையன்று. ஆறிய எண்ணெயைப் போத்தலில் அடைத்தோ, உமியிலும் மரத்தூளிலும் ஊறவைத்தோ குப்பையோடு அகற்றலாம்.

ஆகவே நடைமுறை இதுவாகும். பொறி வாங்க வசதியுள்ளோர் அதில் அன்றாட மீனையும் இறாலையும் மரக்கறியையும் சுட்டுக்கொள்வார்களாக. பலகாரத்தைத் தாச்சியில், புதிய எண்ணெயில், நல்லநாள் பார்த்துச் செய்வார்களாக. வசதி இல்லாதோர் எதையும் இழந்துவிடவில்லை. தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் தடவி மீனை இருபுறமும் வாட்டியெடுத்தால், அந்தப் பொறி தரும் நன்மையிற் பெரும்பங்கு அவர்களுக்கும் கிடைக்கும். வீட்டில் நீரிழிவும் இதயநோயும் உள்ளவருக்குத் தனிச்சமையல் வேண்டியதில்லை. கரண்டிக் கணக்கில் எண்ணெயை அளந்து ஊற்றும் வழக்கத்தை முழுக் குடும்பமும் கைக்கொண்டால், அவரும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம்.